கஸ் லிண்டாலின் வெல்திறன்

கார்னெட் ஊரில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் போதும், தொலைபேசி அடிக்கும். எடுத்தால், "நாளைக்கே தேர்தல் நடந்தா..." என்று ஒரு குரல் தொடங்கும். நாளைக்குத் தேர்தல் எதுவும் கிடையாது. தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் கிடக்கும். ஆனாலும் விஸ்கான்சினின் அந்த வடக்கு மூலையில் இருப்பவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சூப்பை ஆறவிட்டு பதில் சொல்வார்கள். கார்னெட் வட்டாரம் யாருக்கு ஓட்டுப் போடுகிறதோ அவர்தான் அதிபர் ஆவார் என்று வாஷிங்டனில் யாரோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பால் ஊருக்கு ஒரு பாலம்கூட வரவில்லை. அழைப்புகள் மட்டும் வந்தன.

பெரும்பாலும் அழைத்தது தேசிய வெல்திறன் கழகம். ஒருவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்பதெல்லாம் கழகத்தின் கவலை இல்லை. அவர் வெல்லக்கூடியவரா என்பது மட்டும்தான். நிற்கப்போவதாகச் சொல்லாத ஒருவரை, நிற்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்த இன்னொருவரோடு மோதவிட்டு, யார் ஜெயிப்பார் என்று அது அறிவிக்கும். அந்த அறிவிப்பைத் தொலைக்காட்சியில் இரண்டு மணி நேரம் விவாதிப்பார்கள். விவாதத்தால் மக்கள் மனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் தொலைபேசி அடிக்கும்.

கிளெண்டா ஹூசாக்குக்கு இதில் எந்தப் புகாரும் இருந்ததில்லை. கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். கணவன் ரோலண்ட் பால் லாரி ஓட்டினான். மாதம் ஒருமுறை அவள் கடை வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நிற்கும். உள்ளேயிருந்து மாநில ஆளுநர் மோரீன் டாலெஃப்சன் இறங்கி வந்து, "எட்டு பேர் மீட்டிங் போட்டு உக்காந்திருக்காங்கடி, என் தலைமுடி பத்திதான் யோசிக்கிறாங்க. சீக்கிரம் வெட்டு" என்று நாற்காலியில் விழுவாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. மோரீனின் முடியில் வேறு கத்திரி பட்டதே கிடையாது.

அந்த மோரீன் அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராவதற்குப் போட்டியில் இறங்கினாள். கூட்டங்களில் ஜனம் அலைமோதியது. அப்போதுதான் கழகத்திலிருந்து கிளெண்டாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. "நீங்க ஒரு சராசரி வாக்காளரா தேர்வாகியிருக்கீங்க. வாழ்த்துக்கள்."

கிரீன் பே நகரத்து விடுதி ஒன்றின் அடித்தள அறையில் இருபது பேரை உட்கார வைத்திருந்தார்கள். பாதிப்பேர் கார்னெட்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குமிழ். பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து தங்களைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததால் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கழகத்தின் தலைவர் டாக்டர் லாங்டன் ஷிப்லியே நேரில் வந்திருந்தார். ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராகத் தெரிய வேண்டும் என்று கட்டம்போட்ட கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

"நண்பர்களே, நீங்க இங்க உங்க கருத்தைச் சொல்ல வரலை," என்று அவர் ஆரம்பித்தார். "தனி மனுஷனோட கருத்துங்கறது ஆய்வுல ஒரு அசுத்தம். அதை வடிகட்டறதுக்குத்தான் என் வாழ்க்கையையே குடுத்திருக்கேன். ஆளுநரை உங்களுக்குப் பிடிக்குமாங்கறது கேள்வியே இல்லை. மத்தவங்களுக்குப் பிடிக்கும்னு நீங்க நினைக்கிறீங்களா? அதுதான் அறிவியல்."

ஆர்விட் நியூஸ்ட்ராம் கையைத் தூக்கினார். மாட்டுப் பண்ணைக்காரர், லூத்தரன் சபை மூப்பர். "நான் அந்தம்மாவுக்குத்தான் போடுவேன். ஆனா லைல் மாதிரி ஆளுங்க போடுவாங்களான்னு தெரியலை."

அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த லைல் திடுக்கிட்டார். கார்னெட் ஏரிக்கரையில் சாப்பாட்டு விடுதி நடத்துபவர். "யோவ், நானும் அவங்களுக்குத்தான்யா போடறேன். நீங்கதான் சபைக்காரரு, போடமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"அப்ப ரெண்டு பேரும் போடறீங்க இல்ல?" என்றாள் கிளெண்டா. "டாக்டர், இவங்க ரெண்டு பேரும் இங்கேயேதான் இருக்காங்க. நேரா கேட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது."

ஷிப்லி பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, அப்படிக் கேட்டா ஆய்வு கெட்டுப்போயிடும். சரி, நீங்க சொல்லுங்க. நீங்க ஆளுநரோட சிநேகிதி. உங்களைச் சுத்தி இருக்கற எல்லாரும் அவங்களுக்குப் போடுவாங்களா? எல்லாரும்?"

கிளெண்டா யோசித்தாள். பொய் சொல்லக்கூடாதே. "எல்லாரும்னா... ரோலண்டோட அண்ணன் போடமாட்டாரு. பொம்பளைங்க கார் ஓட்டறதே அவருக்குப் பிடிக்காது."

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு உலர்ந்த சாண்ட்விச் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கிளெண்டாவின் முகம் வந்தது. கீழே எழுத்து ஓடியது: "உயிர்த்தோழிக்கே சந்தேகம்: சொந்தக் குடும்பமே ஓட்டுப் போடாது." அதன்பின் ஷிப்லி வந்து வரைபடத்தைச் சுட்டிக்காட்டினார். போட்டியில் இருக்கிற எல்லாரையும் மோரீன் தோற்கடிக்கிறாள். ஆனால் பெயர் குறிப்பிடாத, சராசரி உயரமுள்ள ஒரு ஆணிடம் மூன்று சதவீதப் புள்ளியில் தோற்கிறாள். "இது மிகவும் கவலைக்குரியது," என்றார் ஷிப்லி.

அன்று மாலை மோரீன் அழைத்தாள்.

"நீ அப்படிச் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்டி, ஆனா அவன் கேட்ட விதம்..."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி," என்று வைத்துவிட்டாள்.

நன்கொடை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், மற்றவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று எல்லாரும் அதே வார்த்தையில் சொன்னார்களாம். பனி உருகுவதற்குள் மோரீன் விலகிக்கொண்டாள். விலகல் அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த கிளெண்டாவின் கண் முதலில் போனது மோரீனின் காதோரத்துக்கு. வேறு யாரோ வெட்டியிருந்தார்கள். மாநிலத் தலைநகர் மாடிசனில் எங்கோ போயிருக்கிறாள். கறுப்புக் கார் அதன் பிறகு கடைத்தெருவுக்கு வரவில்லை. கிளெண்டா அன்று ராத்திரி சீக்கிரமே படுத்தாள். ரோலண்ட் தன் அண்ணனைத் திட்டிப் பார்த்தான், அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கட்சி, கழகத்தின் சிபாரிசுப்படி செனட்டர் கிளைட் பார்மென்டரை நிறுத்தியது. உயரம், நரை, தாடை எல்லாம் கழகத்தின் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்திய மனிதர். அவரை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நவம்பரில் அவர் தோற்றார். கார்னெட் வட்டாரத்திலும் தோற்றார்.

தோற்றதோடு ஷிப்லி வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கழகத்துக்கு ஓய்வு ஏது? இரண்டு வாரத்தில் புதிய ஆய்வு வந்தது. கிளெண்டா ஒரு வாடிக்கையாளரின் தலையில் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது கடைத் தொலைக்காட்சியில் அதே ஷிப்லி, அதே மடிப்புக் கலையாத சட்டையோடு, முகம் மலரச் சொன்னார்: "ஆளுநர் டாலெஃப்சன் நின்னிருந்தா ஆறு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சிருப்பாங்க. எங்க புதிய முறை இதை ரொம்பத் துல்லியமாக் காட்டுது. கட்சி ஏன் அவங்களை நிறுத்தலைங்கறதுதான் புரியாத மர்மம்."

கிளெண்டாவின் கை நின்றது. சாயம் வாடிக்கையாளரின் நெற்றியில் வழிந்தது.

"கிளெண்டா, கண்ணுல விழுது," என்றாள் அந்தப் பெண்.

"இவனை நான் விடப்போறதில்ல," என்றாள் கிளெண்டா.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே லைலின் விடுதியில் மீன் வறுவல் சாப்பிடக் கூடும். அங்கே வைத்துத்தான் பேச்சை எடுத்தாள். அடுத்த தேர்தலுக்கான அழைப்புகள் அதற்குள் ஆரம்பித்திருந்தன. "வேற யாரையாவது மனசுல வெச்சிருக்கீங்களா" என்று ஒரு புதுக் கேள்வியையும் சேர்த்திருந்தார்கள்.

"நாம ஒரு ஆளைச் சொல்லுவோம்," என்றாள் கிளெண்டா. "எல்லாரும் ஒரே பேரைச் சொல்லணும்."

"யாரை?" என்றார் லைல்.

கிளெண்டா மது மேடைக்கு மேலே சுவரைக் காட்டினாள். அங்கே பலகையில் அறைந்த ஒரு மஸ்கி மீன் வாயைப் பிளந்தபடி எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் லைலின் அப்பா ஏரியில் பிடித்துப் பதப்படுத்தி மாட்டியது. பட்டாளத்தில் தன்னை வதைத்த மேலதிகாரியின் முழி அதற்கு இருக்கிறது என்று அவர் வைத்த பெயர் கஸ் லிண்டால்.

விடுதி குலுங்கிச் சிரித்தது. ஆர்விட் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சபை மூப்பரு. பொய் சொல்ல முடியாது."

"நீங்க ஏன் பொய் சொல்றீங்க? உங்களுக்கு கஸ்ஸைப் பிடிக்குமா, பிடிக்காதா?"

ஆர்விட் மீனைப் பார்த்தார். "பிடிக்கும்."

"பார்மென்டரைவிட?"

"அதுக்கென்ன, எவ்வளவோ மேல்."

"அதைத்தான் சொல்லப்போறீங்க. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க. கேக்காததைச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

ஊர் முழுக்க அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. ஒருவர்கூட ஒரு பொய்யும் சொல்லவில்லை.

முதல் மாதத்தில் கஸ் லிண்டால் கார்னெட் வட்டாரத்தில் முதலிடத்துக்கு வந்தார். கழகம் பரபரத்துப்போய் நாடு முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டுப் பார்த்தது. தங்களுக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள விரும்பாத மக்கள், "ஓ, அவரா? பரவாயில்லை" என்றார்கள். கஸ் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. அப்படி ஒரு வேட்பாளரைக் கழகம் அதுவரை கண்டதில்லை. எதிரே யாரை நிறுத்தினாலும் கஸ் ஜெயித்தார். பெயர் குறிப்பிடாத, சராசரி உயரமுள்ள ஆணையும் ஜெயித்தார்.

கழகத்திலிருந்து ஆட்ரா என்ற பெண் கிளெண்டாவை அழைத்து விவரம் கேட்டாள்.

"மிஸ்டர் லிண்டாலை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"சின்ன வயசுலேர்ந்து."

"ஆள் எப்படி?"

"நல்ல நீளம். தாடை ரொம்பப் பலம்."

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் மழையாகப் பொழிந்தது. "குடும்பம்?"

"பெரிய குடும்பம். இந்த ஏரிப் பக்கம் பூரா அவர் சொந்தக்காரங்கதான்."

"சர்ச்சைக்குரிய பேச்சு ஏதாவது?"

"வாய் திறந்துதான் இருக்கும். ஆனா இதுவரைக்கும் ஒரு தப்பான வார்த்தை வந்ததில்ல."

"கொள்கை?"

"தண்ணி சுத்தமா இருக்கணும். அதுல அவருக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது."

"வாஷிங்டன் போயிருக்காரா?"

"லைல் கடையை விட்டு எங்கயும் போனதில்லம்மா."

"அருமை!" என்றாள் ஆட்ரா. "நாங்க வந்து அவரைப் பாக்கலாமா?"

"தாராளமா. எப்ப வந்தாலும் இருப்பாரு."

யாரும் வரவில்லை. கார்னெட்டுக்கு விமான நிலையம் இல்லை. வந்து பார்ப்பது கழகத்தின் முறையும் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அறிக்கை வந்தது. கஸ் லிண்டாலின் மௌனம், பேச்சுகளால் களைத்துப்போன தேசத்துக்கு மருந்து என்றது அறிக்கை. புறநகர்ப் பெண்களிடம் அவர் இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்றும் யோசனை சொன்னது. இரண்டு செனட்டர்கள் அவருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மூன்றாவது ஒருவர், தான் கஸ்ஸோடு கல்லூரியில் படித்ததாக நினைவுகூர்ந்தார்.

ஷிப்லி தொலைக்காட்சியில் தோன்றி, "கஸ்ஸை எனக்கு நல்லாத் தெரியும்," என்றார். "மனுஷன் கண் சிமிட்டாம நம்மளைப் பாப்பாரு. அந்தப் பார்வையை மறக்கவே முடியாது."

கிளெண்டா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ரோலண்டிடம் சொன்னாள்: "மாட்டிக்கிட்டான்."

"பாவம்டி, விட்டுடேன். வாய் தவறிச் சொல்லிட்டான்."

"மோரீனை அவன் விட்டானா?"



கடைசியில் தொலைக்காட்சிக்காரர்களே வர முடிவு செய்தார்கள். லைலின் விடுதியிலிருந்து நேரடி ஒளிபரப்பு. கஸ் லிண்டாலை நாட்டுக்கு அறிமுகம் செய்துவைப்பவர் டாக்டர் ஷிப்லி. வெள்ளிக்கிழமை மாலை, ஊரே மேசைகளில் நிறைந்திருந்தது. மது மேடைக்கு முன்னால், மீனுக்கு நேர் அடியில், ஷிப்லிக்கு இருக்கை போட்டிருந்தார் லைல். ஷிப்லி உள்ளே நுழையும்போதே எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். கிளெண்டாவின் கையையும் குலுக்கினார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மோரீனின் வாழ்க்கையை இவள் வாயால் அழித்தவருக்கு இவள் முகம்கூட நினைவில்லை. அந்த ஒரு கணத்தில் கிளெண்டாவுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் போயிற்று.

விளக்குகள் எரிந்தன. நிகழ்ச்சி நடத்தும் பெண் கேட்டாள்: "டாக்டர், கஸ் லிண்டால் எப்படிப்பட்ட மனுஷர்?"

"எளிமையானவர்," என்றார் ஷிப்லி. "போன வாரம்கூட இதே இடத்துல நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டோம். நாட்டைப் பத்தி மனசு விட்டுப் பேசினாரு. என் ஆலோசனையைக் கேட்டாரு. சொல்லப்போனா அவரை உருவாக்கினதுல எங்க கழகத்துக்கு ஒரு பங்கு உண்டு. மக்களுக்கு யார் வேணும்னு மக்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்."

கிளெண்டா எழுந்தாள். "டாக்டர், ஒரு சந்தேகம். என்ன சாப்பிட்டாரு?"

ஷிப்லி அன்போடு திரும்பினார். "வெள்ளிக்கிழமை வேற என்னம்மா? மீன் வறுவல்தான். ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

ஆர்விட்டால் பொறுக்க முடியவில்லை. சபையில் வேதம் வாசிக்கும் கம்பீரக் குரலில் சொன்னார்: "டாக்டர், கஸ் சாப்பிட்டு நாப்பது வருஷம் ஆச்சு."

யாரோ ஒரு மூலையில் சிரிப்பை அடக்க முடியாமல் பீரைத் துப்பினார்கள். நிகழ்ச்சி நடத்தும் பெண் சுற்றிலும் பார்த்தாள். "கஸ் லிண்டால் இங்க இருக்காரா?"

"இதோ இருக்காரும்மா," என்றார் லைல். கையை உயர்த்திக் காட்டினார். கேமரா மேலே போனது. பலகையின் கீழ் பித்தளைத் தகட்டில் கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது.

ஷிப்லி அண்ணாந்து பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்தது. மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயும் திறந்தபடி, நாடு பார்க்க, ஒரே திரைக்குள் சற்று நேரம் நின்றன.

ஆனால் முப்பது வருஷ அனுபவம் லேசானதா? "இது... இது மக்கள் வெளியாள் ஒருத்தரை எவ்வளவு ஏங்கித் தேடறாங்கங்கறதுக்கு..." என்று தொடங்கினார்.

"போன வாரம் இவரோட சாப்பிட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் அந்தப் பெண்.

"அது ஒரு பொருள்ல..."

"போன வருஷம் கிரீன் பேல என்னைக் கேட்டீங்க, ஞாபகம் இருக்கா டாக்டர்?" என்றாள் கிளெண்டா. "மோரீனோட சிநேகிதி நான்தான். எங்க ஊர்ல ஒருத்தரும் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லலை. நீள ஆளுன்னோம், தாடைன்னோம், தண்ணி சுத்தமா இருக்கணும்னோம். எல்லாம் உண்மை. இந்த இடத்துல இன்னிக்குப் பொய் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

ஷிப்லி எழுந்தார். ஒலிவாங்கியின் கம்பி நாற்காலியில் சிக்கி அவரை மறுபடியும் உட்காரவைத்தது. ஊர் கைதட்டியது.

அதன்பின் கழகம் சரிந்தது. அதைச் சரித்தது சிரிப்பு அல்ல, சிரிப்பைக் கழகம் தாங்கியிருக்கும். பணம் கொடுத்துவந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக ஷிப்லியை அழைத்தார்கள். "டாக்டர், எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு. ஆனா மத்தவங்க நம்புவாங்களான்னுதான்..." ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லாரும் நம்பிய மனிதரை எல்லாரும் கைவிட்டார்கள். வாஷிங்டனில் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, கிளெண்டா கடைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

கோடை தொடங்கும்போது ஷிப்லியே அவளை அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. ஏதோ ஒரு கல்லூரியில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாராம்.

"அந்த மீன் விவகாரம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஒரு பரிசோதனைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், தாராளமாச் சொல்லுவேன்," என்றாள் கிளெண்டா. "ஆனா ஊர்ல மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"மத்தவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா ஆய்வு கெட்டுப்போயிடும் டாக்டர்."

பழி வாங்கினால் நெஞ்சு கசக்கும் என்று போதகர் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துக்கொண்டே பிரசங்கம் செய்தார். கிளெண்டா நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். கசக்கவில்லை. நன்றாகப் பசித்தது.

ஒரு வியாழக்கிழமை கடை வாசலில் கார் நின்றது. கறுப்புக் கார் இல்லை. மோரீனின் பதவிக்காலம் முடிந்திருந்தது. தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளெண்டா துணியை உதறி அவள் கழுத்தில் கட்டினாள்.

"மாடிசன்காரன் காதோரத்தை நாசம் பண்ணிட்டான்," என்றாள் மோரீன்.

"பாத்தேன். அன்னிக்கே பாத்தேன்."

"இன்னும் எனக்கு வலிக்குதுடி, நீ சொன்னது."

"எனக்கும்தான்."

"ஆறு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சிருப்பேனாமே."

கிளெண்டா கத்திரியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். வெட்டிய முடி தரையில் விழுந்தது. நரை கூடியிருந்தது.

"மறுபடி நிப்பியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன். போதும்." கண்ணாடியில் கிளெண்டாவைப் பார்த்தாள். "அவன் மூஞ்சியை நான் பாக்கவே இல்லடி. அன்னிக்கு ராத்திரி டிவியைப் போடவே எனக்கு மனசு வரலை."

கிளெண்டா கத்திரியைக் கீழே வைத்தாள். கைப்பேசியை எடுத்து, தேடி, மோரீனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஷிப்லி மீன் வறுவல் என்றார். ஆர்விட் நாற்பது வருஷம் என்றார். கேமரா மேலே போனது. ஷிப்லியின் வாய் திறந்தது. அரைத் தலை வெட்டியும் அரைத் தலை வெட்டாமலும் மோரீன் துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது. வெளியே காத்திருந்த வாடிக்கையாளர் கதவைத் தட்டினாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை போடு," என்றாள் மோரீன்.